மூன்று காலில் மணி

சிறுமலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் நிலக்கடலை. காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் வேலியோரம் பிரேக் வயரில் சுருக்கு வைத்தார் அந்த விவசாயி. பன்றி சிக்கவில்லை. இரண்டு நாளாகக் காணாமல் போயிருந்த வீட்டு நாய் மணிதான் சிக்கிக் கிடந்தது. பின்னங்காலில் கம்பி எலும்புவரை இறங்கி, பாதம் கறுத்துச் சில்லிட்டிருந்தது.

திண்டுக்கல் கால்நடை மருத்துவமனையில் பார்த்த டாக்டர், “ரத்த ஓட்டம் நின்னுபோச்சு. காலை எடுத்தாத்தான் உயிர் பிழைக்கும்” என்றார்.

“ஊசி போட்டு முடிச்சிடலாமா சார்? மூணு காலோட அது ஏன் கஷ்டப்படணும்?”

“கம்பி வச்சது நீங்கதானேப்பா” என்றாள் மகள். அதற்குமேல் அவர் பேசவில்லை.

அழுகியது பாதம்தான். ஆனால், டாக்டர் தொடையோடு எடுத்தார். பாதியில் விட்டால் நாய் அந்த மிச்சக் காலை ஊன்றப் பார்க்கும். தரையில் இடித்து இடித்து ஆறாத புண்ணாகிவிடும். நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவிகிதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. அதனால் பின்னங்கால் போனால் சமாளிப்பது சற்று எளிது.

சில நாள்களில் மணி தத்தித் தத்தி நடந்தது. வீட்டார் கண் கலங்கி நிற்க, அது சோற்றுத் தட்டைத் தேடியது. பழக வேண்டியிருந்தது வீட்டாருக்குத்தான். தையலை நக்காமலிருக்க பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்துக் கழுத்தில் மாட்டினார்கள். டைல்ஸ் தரை வழுக்கியதால் சாக்கு விரித்தார்கள். பாசத்தில் சோற்றை அள்ளி வைக்க, உடம்பு பெருத்தது. “எடை கூடினா மிச்ச மூணு காலும் தேயும்” என்று டாக்டர் கண்டித்தபிறகுதான் அளவாக வைத்தார்கள்.

ஆடும் இப்படி மூன்று காலில் பிழைத்துக்கொள்ளும். மாட்டுக்கு எடை அதிகம் என்பதால் சிரமம். ஜெய்ப்பூர் கால்நடை மருத்துவர் தபேஷ் மாத்தூர், மாடுகளுக்காக ‘கிருஷ்ணா லிம்ப்’ என்ற செயற்கைக் காலை உருவாக்கியிருக்கிறார். அதை மாட்டுவதற்குக் காலின் மேல்பகுதி மிஞ்சியிருக்க வேண்டும்.

சுருக்கு வைப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது அவருக்கு முன்பே தெரியும். இப்போதுதான் எல்லாக் கம்பிகளையும் பிடுங்கிப் போட்டார். இரவுக் காவலுக்கு டார்ச்சோடு அவரே போகிறார். மணி முன்னால் ஓடுகிறது. வரப்பு ஏறும்போது மட்டும் அதற்குத் தடுமாறும். ஏறி முடிக்கும்வரை அவர் நின்று காத்திருக்கிறார்.