காணிக்கையும் கட்டுரையும்

உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளின் கோப்பில் அண்மைக் காலமாகப் புதியதொரு தாள் சேர்ந்து வருகிறது. மதிப்பெண் பட்டியல், நடத்தைச் சான்றிதழ், பங்குத்தந்தையின் கடிதம் ஆகியவற்றோடு ‘ஆய்வுக் கட்டுரை’ என்ற ஒன்றும் வேண்டுமாம். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் வீட்டிலும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்குச் சென்றுவருபவர் வீட்டிலும் இப்பேச்சு இன்று கேட்கிறது. பள்ளிப்படிப்பை முடிக்காத பதினேழு வயதுப் பிள்ளை எதை ஆய்ந்து எழுதும் என்று பெற்றோர் திகைக்கின்றனர். அத்திகைப்பைக் காசாக்கவும் ஆட்கள் இருக்கின்றனர்.

எங்கள் பங்கில் நாங்கள் நடத்தும் மாலைநேர வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தியின் தந்தை ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சார், பணம் கட்டினா மூணு மாசத்துல பாப்பா பேர்ல கட்டுரை வந்துடும்னு சொல்றாங்க. அவ அம்மா நகையை வெச்சாவது கட்டிடலாமா?” பிள்ளையின் எதிர்காலத்துக்காக எதையும் இழக்கத் துணிந்த ஒரு தகப்பனின் கேள்வி அது. எளிதில் கடிந்துவிட முடியாத கேள்வி.

உண்மை நிலையை முதலில் அறிந்துகொள்வோம். ஐ.ஐ.டி.களின் இளநிலை வகுப்புகளுக்குப் பெரும்பாலும் நுழைவுத்தேர்வே வாயில். நம் மாநிலத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கான கலந்தாய்வு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையே பார்க்கிறது. அங்கெல்லாம் இக்கட்டுரைக்கு வேலையே இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி., கால்டெக் போன்ற நிறுவனங்கள், மாணவர் விரும்பினால் தாம் செய்த ஆய்வை விண்ணப்பத்தோடு காட்ட இடமளிக்கின்றன, கட்டாயப்படுத்துவதில்லை. ‘இருந்தால் காட்டு’ என்பதை ‘இல்லாவிட்டால் வாங்கு’ என்று நாமாக மாற்றிப் படித்துக்கொள்கிறோம்.

மாணவரின் கட்டுரை கடல் கடந்து கதவைத் திறந்த வரலாறு நம் சென்னைக்கே உண்டு. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவரான சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். தாம் நூலில் கற்ற இயற்பியல் அதற்குள் பழையதாகிவிட்டது என்று அன்று அவர் அறிந்தார். எனினும் சோர்ந்து விடவில்லை. அந்த அறிஞர் அளித்த புதிய கட்டுரையின் அச்சுப்படியை வைத்துக்கொண்டு புள்ளியியலின் புதுமுறையைக் கற்றார். தாமே ஒரு கட்டுரை எழுதினார். அதனை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்த ஃபவுலருக்கு அனுப்பினார். ஃபவுலர் எழுதியதைப் படித்திருந்ததால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார். சில திருத்தங்களுக்குப் பின் அக்கட்டுரை 1929-இல் இராயல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1930-இல் அரசின் உதவித்தொகையுடன் அவர் கேம்பிரிட்ஜ் சென்றபோது வழிகாட்டியாக அமைந்தவர் அதே ஃபவுலர்தாம். 1983-இல் நொபெல் பரிசு வந்தது. அதற்கு முன் நீண்டு கிடந்த பாதையின் தொடக்கத்தில் இருந்தது ஒரு மாணவன் தன் கையால் எழுதிய சில பக்கங்கள்.

அவருக்கும் முன்னே, 1913 சனவரியில், சென்னைத் துறைமுக அலுவலக எழுத்தர் இராமானுசன் தம் தேற்றங்களை எழுதி ஹார்டிக்கு அனுப்பினார். பட்டமோ பரிந்துரையோ அவருக்காகப் பேசவில்லை, தாள்களே பேசின. அவற்றை எழுதியவரை எந்த நள்ளிரவில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் மறுமொழி கூறியிருப்பார். விலைக்கு வாங்கிய கட்டுரையிடம் இல்லாதது இதுவே.

நம் திருச்சபைக்குள்ளும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரான்சு நாட்டு இயேசு சபைக் குரு சார்லஸ் இராசீன் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று 1937-இல் இந்தியா வந்தார். திருச்சியிலும் பின்னர் சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கற்பித்தார். தேர்வுக்கு உதவுமா என்று பாராமல் புதிய கணிதத்தின் வாயிலை மாணவருக்குக் காட்டினார். அவரிடம் கற்ற எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்திரியும் 1953-இல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தனர். அவ்விருவர் பெயரால் வழங்கும் 1965-ஆம் ஆண்டுத் தேற்றத்தை இன்று உலகம் அறியும். இராசீன் அடிகளார் மாணவருக்காக ஒரு வரியும் எழுதித் தரவில்லை. எழுதத்தக்க மனத்தை வளர்த்தார். வழிகாட்டலுக்கும் விற்பனைக்கும் இடையிலுள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

திருத்தூதர் பணிகள் நூலில் வரும் அனனியா, சப்பிராவை நினைத்துப் பார்ப்போம். நிலத்தை விற்றாக வேண்டும் என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பணத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவும் உரிமை இருந்தது. ஒரு பகுதியை முழுமையென்று காட்டியதே அவர்களை வீழ்த்தியது. கட்டுரை இணைக்காத விண்ணப்பம் குற்றமன்று. பிறர் உழைப்பைத் தன்னுடையதென்று இணைப்பதே குற்றம். வாழ்வின் முதல் வாயிலிலேயே நம் பிள்ளை பொய்யின் கையைப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டுமா? அதற்கு அன்னையின் தாலி நகையும் அடகுக்குப் போக வேண்டுமா?

அந்தத் தந்தையிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். “அப்ப பணக்காரப் பிள்ளைங்க மட்டும் காட்டுவாங்களே சார்” என்றார். அந்த வருத்தம் நியாயமானது. ஆய்வுக்கூடமும் அறிமுகமும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இவ்வழி எளிது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆய்வு என்பது விலையுயர்ந்த கருவிகளில் மட்டும் பிறப்பதன்று. 1993 முதல் நடந்து வரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், சிறுவர் குழுக்கள் தம் ஊர்ச் சிக்கலையே எடுத்து ஆய்கின்றன. கழிவுநீர் கலக்கும் கொரட்டூர் ஏரி நம் கண்முன் கிடக்கிறது. தெருவுக்குத் தெரு ஆழ்குழாய் நீரின் சுவை மாறுகிறது. ஒரு குறிப்பேடும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நீர் அளவைக் கருவியும், ஓராண்டுப் பொறுமையும் போதும். அம்மாணவி தோழியர் இருவருடன் இப்போது வாரந்தோறும் தன் தெருக் கிணறுகளின் நீரை அளந்து எழுதி வருகிறாள். அது எந்தப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறக்கும் என்று நாங்கள் உறுதி கூறவில்லை. ஆனால் அக்குறிப்பேட்டின் ஒவ்வோர் எண்ணும் அவளுடையது.

ஆலயத்தில் ஏழைக் கைம்பெண் இட்ட இரண்டு காசுகளை ஆண்டவர் கவனித்தார். அவை சிறியவை, ஆயினும் அவளுடையவை. நம் பிள்ளைகள் உலகின் பெரிய வாயில்களின்முன் நிற்கும்போது, அவர்கள் கையில் இருப்பது சிறிதாயினும் சொந்தமானதாக இருக்கட்டும். அதற்குத் துணைநிற்கும் பொறுமையை இறைவன் பெற்றோராகிய நமக்கும் ஆசிரியராகிய நமக்கும் அருள்வாராக.