பதினொரு பேருக்கும் ஒரே நாள்

எங்கள் டீம் யாரோடும் சண்டை போட்டுக் கலையவில்லை. பெரம்பூர்ப் பக்கம் ஒரு மண் மைதானத்தில் பதினொரு வருடம் ஞாயிறு தவறாமல் டென்னிஸ் பால் ஆடினோம். விடியற்காலை ஆறு மணிக்கு முதலில் வருகிறவன் ஸ்டம்பு நட்டு இடம் பிடிக்க வேண்டும், கடைசியாக வருகிறவன் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். மழைக்காலத்தில்கூட தேங்கிய தண்ணீரை ஒதுக்கிவிட்டு ஆடியிருக்கிறோம். அப்படிப்பட்ட டீம் இரண்டே வருடத்தில் ஆளில்லாமல் போனது.

ஒருவன் கிடங்கு வேலைக்குப் போனான். ஒருவன் ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்தான். இரண்டு பேர் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நான் வாடிக்கையாளர் அழைப்பை எடுத்துப் பேசும் வேலையில் சேர்ந்தேன். அங்கே வார விடுப்பு எந்த நாள் என்பது வெள்ளிக்கிழமை வரும் ரோஸ்டரைப் பார்த்தால்தான் தெரியும். வெள்ளி இரவு ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவனும் எழுதுவான்: எனக்குச் செவ்வாய், எனக்கு வியாழன், எனக்குத் திங்கள். விடுப்பே கிடைக்காதவன் என்று எங்களில் ஒருவனும் இல்லை. ஆளுக்கு ஒரு நாள் இருந்தது, பதினொரு பேருக்கும் சேர்ந்த ஒரு நாள்தான் இல்லை.

ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன், "ஞாயித்துக்கிழமை லீவுன்னு யாருப்பா வெச்சது?"

"வெள்ளைக்காரன் சர்ச்சுக்குப் போகணும்னு வெச்சான். நமக்கும் அப்படியே கெடைச்சுது, அவ்ளோதான்" என்றார்.

அவர் அப்பா, அதாவது என் தாத்தா, பெரம்பூர் பி அண்டு சி மில்லில் தறி ஓட்டியவர். மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் எங்கள் தெருவே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் என்பார் அப்பா. சங்கு ஊதாத நாள் ஞாயிறு. அந்த அமைதியில் தெருவே கொஞ்சம் நேரம் கழித்துத்தான் எழுந்திருக்குமாம். அந்த அமைதி சும்மா கிடைத்தது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. என்னுடைய செவ்வாயையும் புதனையும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் செலவிடத் தொடங்கினேன்.

முதலில் எடுத்தது, 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம். அதன் 52-ஆம் பிரிவைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாள் என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. அந்த வாரத்தின் முதல் நாளில் எந்தத் தொழிலாளியையும் வேலை செய்யச் சொல்லக் கூடாது, செய்ய விடவும் கூடாது. அப்படி வேலை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த நாளுக்கு முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் ஒரு முழு நாள் ஓய்வு தர வேண்டும், முன்கூட்டியே அறிவிப்பும் ஒட்ட வேண்டும். ஆக, அந்தச் சட்டத்தின் கண்ணில் ஞாயிறுதான் இயல்பாக இருந்தது. அதை மாற்றுவது விலக்கு, விலக்குக்கு முன்கூட்டியே அறிவிப்பு தந்தாக வேண்டியிருந்தது. நான் பார்ப்பது தொழிற்சாலை வேலை இல்லை என்பதால் இந்தப் பிரிவு என்னைக் காத்ததில்லை. இருந்தாலும் இயல்பு எது, விலக்கு எது என்று ஒரு சட்டப் புத்தகம் தெளிவாகச் சொன்னதைப் படித்தபோது மனதுக்கு இதமாக இருந்தது.

அங்கிருந்து பின்னோக்கி நடந்தேன். 1946-இல் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அந்த மசோதாவைக் கொண்டுவந்த காலத்தில் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அம்பேத்கர். 1934-இல் அது 54 மணி, 1922-இல் 60 மணி. 1918-இல் நம் பெரம்பூரிலேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அதற்குத் தோள் கொடுத்தார்கள். தாத்தா வேலை செய்த அதே மில்லில் மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரம் போதவில்லை என்பது அங்கே எழுந்த முதல் குறைகளில் ஒன்று. தாத்தா சாப்பாட்டுத் தூக்கை அவ்வளவு பதறிப் பதறித் திறப்பார் என்று பாட்டி சொல்லிச் சிரித்தது அப்போது நினைவுக்கு வந்தது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அவர் நிதானமாகச் சாப்பிட்டதில்லை.

இன்னும் பின்னால் போனால் 1891. அந்த வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில்தான் வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது தொழிலாளர் எல்லாருக்குமாக வருகிறது. அதற்குப் பத்து வருடம் முந்தைய 1881-ஆம் வருடச் சட்டத்தில் பெரியவர்களின் வேலை நேரம், ஓய்வு பற்றி ஒன்றுமே இல்லை. ஏழு வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சொன்னதே அதன் பெரிய சாதனை. ஏழு வயதுப் பிள்ளை ஒன்பது மணி நேரம் நூற்பாலையில் நிற்கலாம். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

1881-க்கும் 1891-க்கும் நடுவில் என்ன நடந்தது என்று தேடியபோதுதான் நாராயண் மேகாஜி லோகாண்டே என்ற பெயரைக் கண்டேன். சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் பூலேயின் தோழர். பம்பாயில் ஒரு மில்லில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். பூலேயின் இயக்கத்துக்காக நடந்த 'தீனபந்து' இதழை ஆசிரியராக இருந்து நடத்தியவர். அந்தக் காலத்துப் பம்பாய் மில்லில் வேலை நேரம் சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை. கோடை வந்தால் பகல் நீளும், வேலையும் கூடவே நீளும். 1884 செப்டம்பரில் லோகாண்டே தொழிலாளர்களைக் கூட்டினார். ஞாயிறு ஓய்வு, நண்பகலில் அரை மணி இடைவேளை, காலை ஆறரைக்குத் தொடங்கிச் சூரியன் மறையும்போது முடிகிற வேலை, மாதம் முடிந்து பதினைந்து நாளுக்குள் கூலி, வேலையில் அடிபட்டவனுக்கு உதவி. இவ்வளவுதான் கேட்டார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த மனுவை ஆதரித்து ஒப்பமிட்டார்கள்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஆறு வருடம் கழித்து, 1890 ஏப்ரல் 24-ஆம் தேதி, பத்தாயிரம் தொழிலாளர் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்களும் எழுந்து பேசியிருக்கிறார்கள். அதே வருடம் ஜூன் 10-ஆம் தேதி பம்பாய் மில் முதலாளிகள் வாரம் ஒரு நாள் விடுமுறைக்குச் சம்மதித்தார்கள். அந்த ஜூன் 10-ஐ அப்பாவிடம் சொன்னேன். "நாங்க இதெல்லாம் படிக்கவே இல்லையே" என்றார். அவர் குரலில் ஆச்சரியத்தைவிட வருத்தம்தான் இருந்தது. மில்காரர் மகன் அவர்.

அப்பா சொன்னதில் பாதி சரிதான். ஞாயிறு என்ற நாள் மேற்கிலிருந்துதான் வந்தது. கி.பி. 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், நீதிபதிகளும் நகரத்து மக்களும் கைத்தொழிலாளரும் சூரியனுடைய நாளில் ஓய்வெடுக்க வேண்டும் என்று ஆணை போட்டார். உழவர்களுக்கு மட்டும் விலக்கு. விதைக்கிற நாள் தவறினால் விளைச்சல் போய்விடும் என்பதால் அவர்கள் ஞாயிறும் உழலாம். ஆனால் லோகாண்டே ஞாயிறு கேட்டது சர்ச்சுக்காக இல்லை. ஞாயிறு கண்டோபாவுக்கு உகந்த நாள். மராத்தி மண்ணில் எத்தனையோ உழைக்கும் குடும்பங்களுக்கு அவர்தான் குலசாமி. எங்கள் சாமியின் நாளை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்க லோகாண்டேவுக்கு ஒரு நியாயம் இருந்தது. 1891-ஆம் வருடச் சட்டம் வந்ததில் இன்னொரு கையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இந்திய மில்கள் கணக்கில்லாத நேரம் ஓடுவதால் தங்கள் வியாபாரம் அடிபடுகிறது என்று லங்காஷயர் ஆலை முதலாளிகள் லண்டனில் அழுத்தம் கொடுத்தார்கள். அதனால் அந்தப் பத்தாயிரம் பேரின் பெருமை ஒரு இம்மியும் குறைவதில்லை என்பது என் கருத்து. 1897-இல் பம்பாயைப் பிளேக் உலுக்கிய காலத்தில் லோகாண்டே அந்த நோயிலேயே போய்ச் சேர்ந்தார். 2005-இல் அவர் பெயரில் ஒரு தபால்தலை வந்தது.

இதோடு தேடலை முடித்திருக்கலாம். ஆனால் எங்கள் டீமுக்கு இதில் பதில் இல்லை. லோகாண்டே வாங்கித் தந்த வாரம் ஒரு நாள் எங்களிடம் இப்போதும் இருக்கிறதே? பிறகு ஏன் ஆட முடியவில்லை?

சோவியத் நாட்டைப் பற்றிய ஒரு புத்தகத்தில் விடை கிடைத்தது. 1929-இல் அங்கே வாரத்தை ஐந்து நாளாக்கினார்கள். நாலு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு. ஏழு நாளுக்கு ஒரு முறை வந்த ஓய்வு ஐந்து நாளுக்கு ஒரு முறை வந்தது, கணக்குப் பார்த்தால் லாபம். ஆனால் இயந்திரம் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்பதற்காகத் தொழிலாளர்களை ஐந்து பிரிவாகப் பிரித்து, பிரிவுக்கு ஒரு நிறம் கொடுத்து, நிறத்துக்கு ஒரு ஓய்வு நாள் வைத்தார்கள். கணவன் மஞ்சள், மனைவி பச்சை என்றால் இருவரும் ஒரே நாளில் வீட்டில் இருக்க முடியாது. மனைவி ஆலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பார்க்க வருகிறவர் யாரும் இல்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று ஜனங்கள் முறையிட்டார்கள். 1931-இல் எல்லாருக்கும் பொதுவான ஓய்வு நாளோடு ஆறு நாள் வாரம் வந்தது. 1940-இல் மறுபடி ஏழு நாள் வாரம், மறுபடி ஞாயிறு.

படித்து முடித்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தேன். எனக்குச் செவ்வாய், எனக்கு வியாழன், எனக்குத் திங்கள். மஞ்சள், பச்சை, சிவப்பு. 2019-இல் தமிழ்நாட்டில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க அரசாணை வந்தது. ஊழியர்களுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு உண்டு, சுழற்சி முறையில். எங்கள் டீமைப் பிரித்தது அந்தச் சுழற்சிதான். ஓய்வு நாள் என்று நாம் சொல்வதில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று என் உடம்புக்கான ஓய்வு, அதை எந்தக் கிழமையில் தந்தாலும் உடம்பு வாங்கிக்கொள்ளும். இன்னொன்று ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் கையை உதறிவிட்டு நிற்பது. விளையாட்டு, கல்யாணம், சாவுக்குப் போவது, சங்கத்தில் கூடுவது எல்லாம் இந்த இரண்டாவதில்தான் நடக்கிறது. லோகாண்டே காலத்து மனிதர்களால் பத்தாயிரம் பேராகத் திரள முடிந்ததுகூட அவர்கள் ஒன்றாக வேலை செய்து ஒன்றாக வெளியே வந்ததால்தான்.

எங்கள் அப்பா அம்மா தலைமுறையின் பொழுதுபோக்குகூட அந்தப் பொது நாளில் ஊன்றியதுதான். 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் 'ராமாயணம்' ஞாயிறு காலையில் தொடங்கியது. அடுத்த வருடம் அக்டோபரில் 'மகாபாரதம்'. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில்தான் டிவி இருந்ததாம். திண்ணையிலும் ஜன்னலிலுமாக அறுபது பேர் பார்த்தோம் என்று அம்மா இப்போதும் சொல்வாள். மாலையானால் தமிழ்ப் படம். அந்த ஞாயிறுகளில் அம்மா மிளகாய் அரைத்து, கறிக்குழம்பு வைத்து, பாத்திரம் கழுவி முடித்துக் கடைசியாக வந்து ஜன்னல் ஓரம் நின்றிருக்கிறாள். அவளுக்கு மற்ற நாளைவிட ஞாயிறுதான் வேலை அதிகம். 1890-இல் எழுந்து பேசிய அந்த இரண்டு பெண்களும் மில்லில் கிடைத்த ஞாயிறை வீட்டில் எப்படிக் கழித்திருப்பார்கள் என்ற கேள்வி என்னை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

பொது நாள் ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் பாட்டி ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது, ஏர் பூட்ட மாட்டார்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு வென்ஸ்டே என்று ஒரு பழைய கால்பந்து கிளப். அதன் பெயரிலேயே புதன்கிழமை இருக்கிறது. 1820-இல் அது கிரிக்கெட் கிளப்பாகத் தொடங்கியபோது அதன் ஆட்களுக்குப் புதன்தான் அரை நாள் விடுப்பு. ஆட்டத்துக்கு அவர்களுக்குக் கிடைத்த பொது நாள் அது, அதையே கிளப்பின் பெயராக வைத்துக்கொண்டார்கள். 1867-இல் அதே பெயரில் கால்பந்தும் ஆடத் தொடங்கினார்கள்.

அந்தப் புதன்கிழமைக்காரர்களை நினைத்துக்கொண்டே போன மாதம் ஒரு செவ்வாய் காலை, இரவு ஷிப்டு முடித்து மைதானத்துப் பக்கம் வண்டியை விட்டேன். வேலை நாள், யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஸ்டம்பு நட்டு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சலூன் கடைக்காரர்கள். செவ்வாய்க்கிழமை சலூன் திறக்காது என்பது பிறந்ததிலிருந்து தெரியும், அந்த நாளில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை. அகரம், ஓட்டேரி, புளியந்தோப்பு என்று நாலைந்து இடத்துக் கடை ஆட்கள். எங்கள் அப்பாவுக்கு வாராவாரம் சவரம் செய்கிற அண்ணன்தான் விக்கெட் கீப்பர்.

"தம்பி, ஒரு ஆள் கம்மி. டீப்ல நில்லு" என்றார்.

நின்றேன். தூக்கம் கண்ணை அழுத்தியது. மூன்றாவது ஓவரில் ஒரு உயரமான பந்து என்னை நோக்கி வந்தது. பதினொரு வருடப் பழக்கம், கை தானாகப் போய்ப் பிடித்தது. ஆட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது அந்த அண்ணன் கேட்டார், "அடுத்த செவ்வாயும் வந்துருவல்ல? பேரு எழுதிக்கிறேன்."

ரோஸ்டர் வெள்ளிக்கிழமைதான் வரும் என்றேன்.