றோட்டு முடியும் இடம்

கந்தோர்ச் சிநேகிதர் கூடினால் யாழ்ப்பாணச் சுற்றுலாக் கதை கட்டாயம் வரும். ஒருவர் கூழைப் பற்றிச் சொல்வார், இன்னொருவர் நல்லூரைப் பற்றி. எனக்கு வருவது டீசல் மணம். நயினாதீவுப் படகின் கீழ்த்தட்டுக்குள் குனிந்து இறங்கி, முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தபோது மூக்கில் ஏறிய மணம். பக்கத்தில் வெள்ளை உடுத்த சிங்களப் பெண் ஒருவர் தாமரை மொட்டுகளை ஈரத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தார், நாகவிகாரைக்கு. எதிரே நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்த ஆச்சி. ஆச்சிக்குக் குமட்டியது. அந்தப் பெண் பையைத் துழாவித் தேசிக்காய் ஒன்றை எடுத்து, நகத்தால் கீறி மணக்கக் கொடுத்தார்.

மணியாசனத்துக்காகச் சண்டையிட்ட இரண்டு நாக அரசர்களைச் சமாதானப்படுத்தப் புத்தர் வந்தார் என்கிறது மகாவம்சம். அந்த இடம் நயினாதீவுதான் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. மணிமேகலையின் மணிபல்லவமும் இதுதான் என்று சொல்வோர் உண்டு.

தீவுகளுக்கு முன் பட்டணம் பார்த்தோம். 1981இல் எரிக்கப்பட்ட நூலகத்தோடு போனவை 97,000 வரையான நூல்களும் சுவடிகளும். திருத்திக் கட்டிய வெள்ளைக் கட்டிடத்தின் முன் எங்கள் பெடியள் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். பிறகு கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐந்து முனையாக விரித்தார்கள். அதன் மதிலில் ஏறி நின்றால் பண்ணைக் கடலும் அதை ஊடறுத்துத் தீவுப்பக்கம் போகும் றோட்டும் தெரியும்.

அந்த றோட்டால்தான் வான் போனது. வேலணை, புங்குடுதீவு. ஆட்கள் வெளிநாடு போய்விட, கூரை விழுந்து பூவரசு முளைத்த கல்வீடுகள். குறிகட்டுவானில் றோட்டு முடிகிறது. அதற்கப்பால் நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல்.

நெடுந்தீவில் என்னை நிறுத்தி வைத்தவை வேலிகள். சீமெந்து இல்லை, சாந்து இல்லை. பவளக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் மூளை மடிப்புப் போல வரிகள். மற்றவர்கள் ஒல்லாந்தர் கோட்டையையும் பருத்த பெருக்கு மரத்தையும் தேடிப் போனார்கள். வெளியில் நின்ற குதிரைகள் எங்களைச் சட்டைசெய்யவில்லை. அன்னியர் ஆட்சிக்காலத்தில் கொண்டுவந்து வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை. கோடையில் அவை தண்ணீருக்கு அலையும். மனிதர் பாடும் பெரிய வித்தியாசம் இல்லை, கிணறுகள் பல உவர்.

"படத்தைப் பிறகு எடுங்கோ அண்ணை, படகை விட்டால் இங்கதான் படுக்கை" என்றார் ஓட்டோக்காரத் தம்பி. எங்களுக்கு அது பகிடி. இறங்குதுறையில் கிளினிக் கொப்பியைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றார். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர். இரவு அங்கே உறவினர் வீட்டில் தங்கி, காலையில் காட்ட வேண்டும். பக்கத்தில் கருவாட்டு மூட்டைகள், ஒரு வெற்று காஸ் சிலிண்டர், கட்டிய ஆடு.

குமுதினிப் படகைப் பற்றி அங்கே யாரும் தாமாகச் சொல்லவில்லை. நான் கேட்டபோது வயதான ஒருவர் கடலைக் காட்டினார். 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த அந்தப் படகை நடுக்கடலில் மறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. அதே குமுதினி திருத்தப்பட்டு, பிறகும் நெடுங்காலம் அதே கடலில் ஓடியது. "ஏறாமல் என்ன செய்யிறது தம்பி? அரிசிக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான்" என்றார் அவர்.

சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களில் குதிரை வருகிறது, பெருக்கு மரம் வருகிறது. போகிறவர்கள் என்னிடம் விசாரித்தால் நான் படகிலிருந்துதான் தொடங்குவேன். எத்தனை மணிக்கு, எத்தனை பேர் ஏறலாம், காற்றுக் காலத்தில் ஓடுமா? தீவார் தினமும் கேட்கிற கேள்விகள் இவை. அவற்றைக் கேட்டுக்கொண்டு போகிறவருக்கு நெடுந்தீவு கொஞ்சமாவது பிடிபடும்.