அண்ணாச்சி தளத்தில் 31 நீட்சிகள்

வேர்ட்பிரஸ்ல ப்ளகின்னு சொல்றதுக்கு நம்ம ஆளுங்க வச்ச பேரு மூணு நாலு இருக்கு. செருகுநிரல்ங்கிறாங்க, சொருகிங்கிறாங்க, நீட்சிங்கிறாங்க. எனக்கு நீட்சிதான் வாய்ல வருது. இந்த இடுகை முழுக்க அதையே வச்சுக்கறேன், தமிழார்வலர்கள் பின்னூட்டத்துல சண்டைக்கு வரவேண்டாம் :-)

நீட்சிகள் பத்தி நம்ம வலையுலகத்துல வந்த இடுகைகள்ல முக்காவாசி "நீங்கள் கட்டாயம் நிறுவ வேண்டிய பத்து நீட்சிகள்" ரகம்தான். எதைப் போடணும்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. போட்டதைக் கழட்டுனா என்ன ஆகும்னு யாரும் எழுதி நான் பாத்ததில்ல. எனக்கு ஒரே வாரத்துல 31 நீட்சியைக் கழட்டிப் பாக்குற வேலை வந்து சேந்துச்சு. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம். ஆபீஸ்ல ஆணி கம்மியா இருக்குற நேரமாப் பாத்துப் படிங்க.

முதல்ல கொஞ்சம் பழங்கதை. வேர்ட்பிரஸ் 2003-ல வந்துச்சு. நீட்சி போடுற வசதி 2004 மே மாசம் 1.2 பதிப்போட வந்தது. ஹலோ டாலின்னு ஒண்ணு ஞாபகம் இருக்கா? லூயி ஆம்ஸ்ட்ராங் பாட்டுலேர்ந்து ஒரு வரியை எடுத்து நிர்வாகப் பக்கத்து மூலையில காட்டும். அவ்ளோதான், வேற ஒரு புண்ணாக்கும் செய்யாது. ஆனா நீட்சின்னா என்னன்னு நம்மள்ல நிறைய பேர் தொட்டுப் பாத்தது அதைத்தான். அப்பல்லாம் ஒரு நீட்சி போடறதே பெரிய சடங்கு. ஜிப்பை இறக்கணும், பிரிக்கணும், எஃப்டிபி வழியா வழங்கிக்கு ஏத்தணும், பாதியில நெட்டு போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து. அதனாலயே நிஜமா வேணுங்கிறதை மட்டும்தான் போட்டோம். 2008 டிசம்பர்ல 2.7 வந்தப்புறம் நிர்வாகப் பக்கத்துலயே தேடி ஒரு பொத்தானை அமுக்குனாப் போதும்னு ஆயிடுச்சு. அப்புறம் என்ன, டீக்கடைத் தட்டுல வடை எடுக்குற மாதிரி கை தன்னால போச்சு.

அண்ணாச்சி தளமும் அப்படி வளந்ததுதான். பேரு வேண்டாம், மதினிக்கு விருப்பமில்ல. நெல்லைக்காரர். 2006-ல இலவசத் தளத்துல எழுத ஆரம்பிச்சு, ரெண்டு வருஷத்துல சொந்தக் காசுல இடம் வாங்கிக் குடிபோனவர். பழைய கோயில், சமணர் குகை, கல்வெட்டுன்னு ஊர் ஊரா சுத்தி எழுதுவாரு. 2021 மே மாசம் கொரோனா ரெண்டாவது அலையில போயிட்டாரு. அதுக்கப்புறம் வருஷா வருஷம் தளத்துக்குப் பணம் கட்டறது மதினிதான். உள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்ல. தோணும்போது தொறந்து படிப்பாங்க.

திடீர்னு ஒருநாள் போன். "தம்பி, அண்ணன் பக்கத்தத் தொறந்தா ஒண்ணுமே வர மாட்டுக்கு. இங்கிலீசுல ஒத்த வரி மட்டும் நிக்கு."

விஷயம் என்னன்னா, இடம் குடுத்த கம்பெனி பழைய பிஹெச்பி 7-ஐ நிறுத்திட்டு எல்லாரையும் 8-க்கு மாத்திட்டாங்க. முன்னறிவிப்பு மடல் அனுப்பியிருக்காங்க, அண்ணாச்சியோட மடல்பெட்டிக்கு. 2019-ல வந்த 5.2 பதிப்புலேர்ந்து வேர்ட்பிரஸ் ஒரு நல்ல காரியம் பண்ணுது: ஏதாவது நீட்சி தளத்தைக் கவுத்துட்டா, எது கவுத்துச்சுன்னு சொல்லி, உள்ள நுழைய ஒரு சுட்டியும் குடுத்து நிர்வாகிக்கு மடல் போடும். அந்த மடலும் அதே பெட்டிக்குத்தான் போயிருக்கு. கடவுச்சொல் அண்ணாச்சியோட போச்சு.

நல்லவேளை, பணம் கட்டறதால வழங்கியோட கட்டுப்பாட்டுப் பக்கம் மதினி கையில இருந்துச்சு. மொத்தத்தையும் நகல் எடுத்து வச்சுக்கிட்டு, நீட்சிகள் இருக்குற அடைவோட பேரை மாத்துனேன். இது பழைய வைத்தியம். அடைவைக் காணோம்னா வேர்ட்பிரஸ் எல்லா நீட்சியையும் அணைச்சிடும். தளம் எந்திரிச்சு உக்காந்துருச்சு. அப்புறம்தான் எண்ணிப் பாத்தேன், 31.

எந்திரிச்சு உக்காந்துச்சே தவிர, பாக்க சகிக்கல. இடுகைகளுக்கு நடுவுல சதுர அடைப்புக்குறிக்குள்ள ஏதேதோ பேரும் எண்ணுமா நிக்குது. ஷார்ட்கோட். 2008-ல 2.5 பதிப்போட வந்த வசதி. எழுதும்போது அடைப்புக்குறிக்குள்ள ஒரு வார்த்தை போட்டா, படிக்கிறவங்களுக்குக் காட்டும்போது நீட்சி அந்த இடத்துல படத்தையோ பாட்டையோ வச்சுக் காட்டும். நீட்சி போச்சுன்னா அடைப்புக்குறி மட்டும்தான் மிச்சம்.

அண்ணாச்சி படம் போட ஒரு நீட்சி வச்சிருந்தாரு. அப்ப ரொம்ப பிரபலம், பேரு வேண்டாம். அது படங்களை வேர்ட்பிரஸோட ஊடகக் கிடங்குல வைக்காம, தனி அடைவுல வச்சிருந்துச்சு. எந்தப் படத்துக்கு அப்புறம் எந்தப் படம், அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்குங்கிறதை எல்லாம் தரவுத்தளத்துல தனி அட்டவணையில வச்சிருந்துச்சு. இடுகையில இருந்தது தொகுப்போட எண் மட்டும்தான். 63 இடுகை இப்படி. கழுகுமலை வெட்டுவான் கோயில் தொடர் முழுக்க ஒரு படமில்ல. மலையைக் குடைஞ்சு செதுக்கிப் பாதியில விட்ட கோயிலைப் பத்தி எழுதின இடுகை, அதுவும் பாதியில நின்ன மாதிரி கிடந்துச்சு.

படங்களை விடுங்க, அதெல்லாம் வழங்கியில பத்திரமா இருந்துச்சு. எனக்குப் பெருசாப் பட்டது படத்துக்குக் கீழ அவர் எழுதின வரிகள். அண்ணாச்சியோட நக்கல் முழுக்க அங்கதான் இருக்கும். சமணர் சிற்பத்துக்குக் கீழ வரலாறு எழுதிட்டு, அடுத்த படத்துல "ஏறி முடிக்கிறதுக்குள்ள தாவு தீந்துட்டு"ன்னு எழுதுவாரு. அந்த வரிகள் இடுகைக்குள்ளயே இல்ல. அந்த நீட்சியோட அட்டவணைக்குள்ள இருந்துச்சு. நீட்சியை நீக்கும்போது அட்டவணையையும் சேத்து அழிச்சிடுறது உண்டு, சிலது அழிக்காம குப்பையா விட்டுட்டுப் போறது உண்டு. எது எந்த ரகம்னு பொத்தானை அமுக்குற வரைக்கும் நமக்குத் தெரியாது. ராத்திரி மூணு நாள் உக்காந்து, அட்டவணையைப் படிச்சு ஒவ்வொரு படத்தையும் அதோட வரியையும் வெறும் ஹெச்டிஎம்எல்லா இடுகைக்குள்ளயே எழுதுற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டுனேன். இப்ப எந்த நீட்சியும் இல்லாம படம் வரும்.

இன்னொரு அடைப்புக்குறி ஒலிப்பதிவுக்கு. ஃப்ளாஷ்ல ஓடுற ஒலிப்பான். ஃப்ளாஷ் 2020 கடைசியோட முடிஞ்ச கதை, அதுக்கு ரொம்ப முன்னாடியே போன்கள்ல அது கிடையாது. ஆக அண்ணாச்சி உயிரோட இருந்தப்பவே அந்தப் பதிவுகள் பல பேருக்குக் கேட்டிருக்காது. கோப்பு மட்டும் அடைவுல அப்படியே கிடந்துச்சு, ஒன்பது எம்பி3. 2013-ல வந்த 3.6-லேர்ந்து வேர்ட்பிரஸே ஒலிக்கோப்பை ஓட்டும், நீட்சியே வேண்டாம். மாத்திட்டுக் கேட்டுப் பாத்தேன். ஏதோ கோயில்ல ஓதுவார் பாடுறாரு, நடுவுல அண்ணாச்சி யார்கிட்டயோ மெதுவா, "செருப்பு எங்க போட்டேன்னு தெரியலயேப்பா"ங்கிறாரு. சுட்டியை மதினிக்கு அனுப்பிட்டு அன்னிக்கு வேலையை நிறுத்திட்டேன்.

இதுக்கு நேர்மாறா ஒரு நீட்சியும் இருந்துச்சு. தமிழ்த் தலைப்பு வச்சா இடுகையோட முகவரி என்னாகும்னு உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு குறிக்கும் சதவீதக்குறியும் எண்ணுமா ஒன்பது இடம் ஆகும். தரவுத்தளத்துல முகவரிக்கு ஒதுக்குன இடமே 200தான். "கோ"வுக்கே ரெண்டு குறி வேணும்னா, 22 குறியில என்னத்தைத் தலைப்பு வைக்க? பாதியில வெட்டிடும். அண்ணாச்சி தலைப்பை ஆங்கில எழுத்துக்கு மாத்தித் தர்ற ஒரு நீட்சி வச்சிருந்தாரு. கழட்டுனேன். ஒண்ணுமே ஆகல. ஏன்னா சேமிக்கும்போதே வேலையை முடிச்சு முகவரியை எழுதி வச்சிடுது, காட்டும்போது அதுக்கு வேலையில்ல. பந்தல்காரன் பந்தல் போட்டுட்டுப் போன மாதிரி. எனக்குப் பிடிச்ச நீட்சி இந்த ரகம்.

முன்னோட்டத்தைச் சுருக்கித் தர்ற ஒண்ணை யோசிக்காமத் தூக்கிட்டேன். அது எழுத்தை எண்ணாம பைட்டை எண்ணி வெட்டுது. தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட். நடுவுல வெட்டுனா கடைசியில கறுப்பு வைரத்துக்குள்ள கேள்விக்குறி. வெள்ளைக்காரர் அவர் மொழிக்கு எழுதிட்டாரு, அவருக்கு ஒரு எழுத்துன்னா ஒரு பைட். இதுல கோபப்பட ஒண்ணுமில்ல, ஆனா முகப்புப் பக்கம் முழுக்க வைரம் பதிச்சு வச்சிருந்துச்சு.

சரி, தளத்தைக் கவுத்த குற்றவாளி யாரு? சமீபத்திய மறுமொழிகளைப் பக்கப்பட்டையில காட்டுற ஒரு குட்டி நீட்சி. 2009-க்கு அப்புறம் யாரும் கைவைக்கல. கிரியேட் ஃபங்ஷன்னு பிஹெச்பில ஒரு செயற்கூறு இருந்துச்சு. 7.2-லயே இது வேண்டாம்னு சொல்லி, 8.0-ல எடுத்தே போட்டுட்டாங்க. அதைக் கூப்பிடுற ஒரே ஒரு வரி, பதினஞ்சு வருஷ எழுத்து மொத்தத்தையும் மறைச்சிடுச்சு. எழுதினவரோட மடல் முகவரி நிரல் மேலயே இருந்துச்சு. சும்மா ஒரு மடல் போட்டு வச்சேன். மறுநாளே பதில். இன்னுமா இதை ஒருத்தர் ஓட்டிக்கிட்டு இருக்கீங்கன்னு ஆச்சரியப்பட்டு, தான் இந்தத் தொழிலையே விட்டு வருஷமாச்சுன்னு சொல்லிட்டு, திருத்தின வரியையும் அனுப்பியிருந்தாரு. காசு வாங்காம எழுதிக் குடுத்தவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி இவரை நினைச்சுக்கறேன்.

ஆனா எல்லாரும் இவர் மாதிரி இல்ல. எந்தப் பக்கத்துல எந்த நிரல்பலகை வரணும்னு தேர்ந்தெடுக்க டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்னு ஒரு நீட்சி, 2 லட்சம் தளத்துல ஓடுனது. 2017-ல அதை எழுதினவங்க 15,000 டாலருக்கு வித்துட்டாங்க. வாங்கினவர் புதுப்பிப்புக்குள்ளயே கள்ளக் கதவு வச்சு அனுப்புனாரு. நுழைவு செஞ்ச நிர்வாகிக்குத் தெரியாம, வெளியிலேர்ந்து வர்றவங்களுக்கு மட்டும் எரிதப் பக்கங்களைக் காட்டுற அளவுக்குக் கெட்டிக்காரத்தனம். வேர்ட்பிரஸ் களஞ்சியத்துலேர்ந்து அந்த வருஷத்துல நாலு தடவை தூக்குனாங்க. அண்ணாச்சி தளத்துல அதுவும் இருந்துச்சு, விக்கிறதுக்கு முன்னாடி வந்த பழைய பதிப்பு. மனுஷன் சோம்பேறித்தனமாப் புதுப்பிக்காம விட்டதால தப்பிச்சது. இதை வச்சுப் புதுப்பிக்காதீங்கன்னு நான் சொல்லல. புதுப்பிக்காத நீட்சியோட ஓட்டை வழியா உடைஞ்ச தளங்கள் இதைவிட அதிகம். ரெண்டு பக்கமும் இடிங்கிறேன், அவ்ளோதான்.

செல்போன் செயலியாவது படத்தைப் பாக்கலாமா, ஒலிவாங்கியைத் தொடலாமான்னு கேக்கும். வேர்ட்பிரஸ் நீட்சி எதையும் கேக்காது. மறுமொழி காட்டுற அந்தக் குட்டி நீட்சிக்கும் தரவுத்தளக் கடவுச்சொல் வரைக்கும் எட்டும். எழுதினவர் விக்கலாம், விடலாம், செத்தும் போகலாம். பெரிய இடத்துலயும் இதே கதைதான். 2024 அக்டோபர்ல அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸ் நீட்சியைக் களஞ்சியக்காரங்களே எடுத்துப் பேரை மாத்தி அவங்க பதிப்பைப் போட்டாங்க. டிசம்பர்ல நீதிமன்றம் சொல்லித்தான் பழையபடி திருப்பிக் குடுத்தாங்க. யார் பக்கம் நியாயம்னு தனியாச் சண்டை போடலாம். நடுவுல, புதுப்பிப்புப் பொத்தானை அமுக்கினவங்களுக்கு வேற ஆளோட நிரல் வந்து இறங்குச்சுங்கிறதுதான் என் கவலை.

மிச்சத்தை வேகமாச் சொல்லிடறேன். மூணு திரட்டிகளோட வாக்குப் பட்டை போடுற நீட்சி, திரட்டிகளே மூடியாச்சு, பக்கம் ஒவ்வொண்ணும் அந்த வழங்கிகளுக்காகக் காத்துக் கிடந்துச்சு. அந்தத் தள முகவரிகளை நாளைக்கு வேற எவனாவது வாங்குனா அவன் நிரல் நம்ம பக்கத்துல ஓடும். முதல் வேலையா அதைத் தூக்குனேன். மறுமொழிப் பெட்டியில தமிழ் தட்டச்சு செய்யுற நீட்சி, ஒரு காலத்துல பெரிய உபகாரம், இப்ப எல்லார் போன்லயும் தமிழ் விசைப்பலகை இருக்கு. பனி கொட்டுற நீட்சி ஒண்ணு, நெல்லைக்காரருக்கு எதுக்குன்னு தெரியல.

கடைசியில நாலுதான் மிச்சம். நகல் எடுக்கறதுக்கு ஒண்ணு, தற்காலிகச் சேமிப்புக்கு ஒண்ணு, பழைய எழுதுபெட்டி, எரிதம் தடுக்க அகிஸ்மெட். மறுமொழியை மூடிட்டா அகிஸ்மெட்டும் வேண்டாம், மூணாக் குறைக்கலாம்னு மதினிகிட்ட சொன்னேன். "மூடாதீங்க தம்பி, யாராவது வருவாங்க"ன்னுட்டாங்க.

நிர்வாகி மடல் முகவரியை மதினியோடதா மாத்திட்டு, அனுமதிக்குக் காத்துக் கிடந்த மறுமொழிகளைப் பாத்தேன். 2021-லேர்ந்து சேந்தது, முக்கால்வாசி தப்பி வந்த எரிதம். நடுவுல பதினொண்ணு நிஜம். அதுல ஒண்ணு 2022-ல வந்தது, கழுகுமலை இடுகைக்கு: சார், பஸ் வசதி உண்டா, குழந்தைகளோட போகலாமா? மதினி அன்னிக்கு ராத்திரியே பதில் போட்டிருக்காங்க. கோவில்பட்டியிலேர்ந்து பஸ் இருக்கு, வெயிலுக்கு முன்னாடி போங்க, பாறை சுடும், தண்ணி கொண்டு போங்க.