நான்காவது பெயர்

2021 மே மாதம் பெங்களூருக்கு வெளியே ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், அந்த ஊர்க்காரர் ஒருவருக்குப் போயிருக்க வேண்டிய கொரோனா தடுப்பூசியை நான் போட்டுக்கொண்டேன். சட்டப்படி அதில் தப்பில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷத்தையும் ஓட்டிவிட்டேன்.

45 வயதைத் தாண்டியவர்கள் அப்போது ஆதார் அட்டையோடு நேரில் போய் நிற்கலாம். 18 முதல் 44 வரை உள்ளவர்களுக்கு அரசின் தடுப்பூசித் தளமான கோவினில் முன்பதிவு கட்டாயம். கர்நாடகத்தில் எங்கள் வயதினருக்கு மே 10 அன்று தொடங்கியதை, மருந்துப் பற்றாக்குறையால் 14ஆம் தேதியே நிறுத்திவைத்தார்கள். அந்த இடைவெளியில் ஸ்லாட் திறந்த வேகத்தில் தீர்ந்தது. விரலால் தட்டிப் பிடிக்க முடியாது, நிரல் எழுதினால் பிடிக்கலாம். எனக்குப் பிழைப்பே அதுதான்.

கோவினின் ஏபிஐ, அதாவது நிரல்கள் நேரடியாகத் தகவல் எடுக்கும் வாசல், பொதுவில் திறந்திருந்தது. பலரும் அதைக் குடைந்ததால், அதில் வரும் தகவல் அரை மணி நேரம் வரை பழையதாக இருக்கலாம் என்று மே தொடக்கத்தில் கட்டுப்பாடு வைத்தார்கள். ஓடிபி போட்டு உள்ளே நுழைந்தவர்களுக்கு மட்டும் புதிய தகவல் வந்தது. அந்த டோக்கன் கால் மணி நேரத்தில் காலாவதியாகும். ஒவ்வொரு முறையும் ஓடிபி குறுஞ்செய்தியைத் தானே படித்துப் புதுப்பித்துக்கொள்ளும்படி எழுதினேன். இடம் திறந்தால் லேப்டாப்பில் மணி அடிக்கும். அந்த ஸ்கிரிப்ட்டைப் பார்த்து அன்று நான் பூரித்ததையும் மறைக்கப்போவதில்லை.

பெங்களூர் பின்கோடுகளில் எதுவும் தேறவில்லை. சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் மணி அடித்தது. ஊரடங்கு காலம், சோதனைச் சாவடியில் போலீஸ்காரரிடம் முன்பதிவுக் குறுஞ்செய்தியைக் காட்டினேன், விட்டுவிட்டார். சுகாதார நிலைய வாசலில் என்னைப் போலவே நகரத்திலிருந்து வந்தவர்களின் கார்கள். வேப்பமரத்தடியில் ஊர்க்காரர்கள் ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நர்ஸ் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்தார். வாசித்த பெயர்களில் அவர்கள் பெயர் இல்லை.

என் வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, இதில் எப்படிப் பெயர் சேர்ப்பது என்று தெலுங்கில் கேட்டார். நான் ஓசூரில் வளர்ந்தவன். தெலுங்கு எனக்கு நன்றாகவே வரும். தெரியாது என்பதுபோல் கையை விரித்துவிட்டு உள்ளே போனேன். பதில் சொன்னால் அடுத்த கேள்வி, நீங்கள் எப்படிச் சேர்த்தீர்கள் என்றுதான் வந்திருக்கும்.

ஜூன் முதல் வாரத்தில் உச்ச நீதிமன்றத்தின் மே 31 உத்தரவைப் படித்தேன். இணைய முன்பதிவை மட்டுமே நம்பினால் இணையம் எட்டாதவர்கள் விடுபட்டுப் போவார்கள் என்று அதில் கேள்வி எழுப்பியிருந்தார்கள். 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி கிராமப்புற வீடுகளில் சுமார் 15 சதவீதத்தில்தான் இணைய வசதி, நகர்ப்புறத்தில் 42 சதவீதம். கொதித்துப்போய் அலுவலக வாட்ஸப் குழுவில் பகிர்ந்தேன். முதல் டோஸ் போட்ட கையால்தான் பகிர்ந்தேன்.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய பெருமை வேறு உண்டு. 2015 கடைசியில், சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை எதிர்த்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பிய லட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். 2016 பிப்ரவரியில் டிராய் அதைத் தடுத்தபோது இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். இணையம் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று பேசினேன். ஒன்றுபோல் இருக்கும் இணையத்தில் நான் மட்டும் ஓடிப்போய் முன்னால் நிற்க முடிவது அப்போது வசதியாகக் கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. கோவினில் அப்போது ஒரு கைபேசி எண்ணில் நான்கு பேரைச் சேர்க்க முடிந்தது. என் எண்ணில் நான், மனைவி, மைத்துனர். நான்காவது இடம் காலியாகவே கிடந்தது. எங்கள் வீட்டில் சமையல் செய்யும் அக்காவுக்கு அப்போது நாற்பதுக்குள்தான் வயது. பட்டன் போன் வைத்திருந்தார். அவர் பெயரைச் சேர்க்கத் தோன்றவில்லை என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். தோன்றியது. சேர்த்தால் காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், ஒரே நேரத்துக்கு நான்கு இடம் கிடைப்பதும் கஷ்டம் என்று விட்டுவிட்டேன். மே 24 அன்று, அரசு மையங்களில் நேரிலேயே பதிந்துகொள்ளலாம் என்று மத்திய அரசு தளர்த்தியது. அவருக்கு ஊசி போடும்போது ஜூலை ஆகிவிட்டது. நல்லவேளையாக நோய் வரவில்லை. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

உலகில் இன்னும் சுமார் 220 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருக்கிறார்கள் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2025 கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் சிக்னல் எட்டும் இடத்தில்தான் வசிக்கிறார்கள். போன் வாங்கக் காசில்லை, படிக்க வரவில்லை, அவர்கள் மொழியில் ஒன்றுமில்லை, வீட்டில் இருக்கும் ஒரே போன் கணவன் சட்டைப்பையில். ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள் சேவைகள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறோம். நானும் தலையாட்டுகிறேன். அந்த மரத்தடியிலும் சிக்னல் நன்றாகவே எடுத்தது.

போன வருஷம் எங்கள் குழு மருத்துவமனை முன்பதிவுக்கு ஒரு செயலி செய்தது. செயலி இல்லாதவர்கள் போன் பண்ணியோ நேரில் வந்தோ டோக்கன் வாங்க வழி வைக்கலாமே என்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் கேட்டார். தினமும் சில டோக்கன்களைக் கவுன்டருக்கு ஒதுக்கினால் போதும், பெரிய வேலையே இல்லை. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. 'இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று குறிப்பு எழுதியது நான். செயலி வெளியாகிவிட்டது. இரண்டாம் கட்டத்துக்கு இன்னும் யாரும் தேதி குறிக்கவில்லை; குறிக்க வேண்டிய ஆளும் நான்தான்.