வாடினதெல்லாம் தாகமில்லை

மழைக்காலம் வந்தால் தோட்டக்காரனுக்கு லீவு என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேலே இருந்து ஒருத்தர் இலவசமாகத் தண்ணீர் ஊற்றுகிறார். நமக்கென்ன வேலை? ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து சூடாக பஜ்ஜி சாப்பிட வேண்டும். அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை சார். இந்த விஷயத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, பக்கத்து வீட்டு பாத்ரூம் கூரை ஆகிய மூன்றும் செலவாயின.

எங்கள் ஊர் திருத்தணி. சித்திரை, வைகாசியில் வானிலைச் செய்தி கேட்பவர்களுக்கு இந்தப் பேர் நன்றாகத் தெரியும். வெயிலில் அடிக்கடி முதல் ரேங்க் வாங்குகிற ஊர். ஆனால் அதே ஊரில் கார்த்திகை, மார்கழியில் விடிகாலை ரயிலுக்குக் கிளம்பிப் பாருங்கள். பல் கிடுகிடுக்கும். மலை பாதி பனியில் மறைந்திருக்கும். மழையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். நான் தினமும் அப்படிக் கிளம்பி, அரக்கோணம் வழியாக சென்ட்ரலுக்குப் போய், ராத்திரி திரும்பி வருகிற ஜாதி. சீஸன் டிக்கெட் ஜாதி.

அப்பாவும் அப்படித்தான் முப்பது வருஷம் போய் வந்தார். ரிடையர் ஆனதும் ரயிலை விட்டார், தோட்டத்தைப் பிடித்தார். கொல்லைப்புறத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு குண்டுமல்லி, பந்தலில் அவரை, தரையில் ஒரு பூசணிக்கொடி, இரண்டு வாழை, பழைய பெயின்ட் டப்பாக்களில் என்னென்னவோ. 2023 ஆடி மாசம் அவர் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு பார்த்தால், வீட்டில் நான், அம்மா, தோட்டம்.

அம்மா பேச்சைக் குறைத்துவிட்டாள். சாப்பாட்டையும் குறைத்துவிட்டாள். நான் நல்ல பிள்ளையாக ஒரு முடிவெடுத்தேன். 'இனிமேல் அம்மாவுக்கு ஒரு வேலையும் கிடையாது. தோட்டத்தை நான் பார்த்துக்கொள்வேன்.' அம்மா துடைப்பத்தைத் தொட்டால், "நீ உட்காரும்மா." செடிப் பக்கம் போனால், "ஈரத்துல நிக்காதே, உள்ள போம்மா." அவளும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவாள்.

ஐப்பசியில் மழை ஆரம்பித்தது. கார்த்திகை பிறந்ததும் ஒரு நாள் காலை பார்க்கிறேன், கறிவேப்பிலை இலையெல்லாம் தொங்குகிறது. மஞ்சளாகக் கொட்டுகிறது. எனக்குப் பகீரென்றது. பாவம், தாகம்! உடனே இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் இன்னும் வாடியது. மூன்று பக்கெட். அதற்கும் மறுநாள், இன்னும் மோசம்.

விஷயத்தை ரயில் பெட்டியில் வைத்தேன். உலகத்தில் எந்தப் பிரச்னைக்கும் அரக்கோணம் தாண்டுவதற்குள் தீர்வு சொல்லிவிடுகிற கமிட்டி எங்களுடையது.

"புளிச்ச மோர் ஊத்து. கறிவேப்பிலைக்கு அதுதான் மருந்து" என்றார் இன்ஷூரன்ஸ்காரர்.

"யூரியா போடுப்பா, பச்சைப் பசேல்னு வரும்" என்றார் சீட்டாட்டக்காரர், கார்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.

இரண்டையும் செய்தேன். வீட்டில் மோர் காலியானதும், யூரியா மழையோடு தெருவுக்குப் போனதும்தான் மிச்சம். கொட்டுகிற மழையில் உரம் போடுவது சாக்கடைக்குச் சத்து கொடுக்கிற வேலை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

டிசம்பர் 4-ந் தேதி. மிக்ஜாம் புயல். சென்னை முழங்கால் தண்ணீரில் நிற்கிறது, புறநகர் ரயில்கள் நிறுத்தம், எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் விடுமுறை. காற்று மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. 'படார்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், எங்கள் முருங்கை மதில் மேல் சாய்ந்து, பக்கத்து வீட்டு பாத்ரூம் ஷீட்டில் தலை வைத்துப் படுத்திருக்கிறது.

முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்று பழமொழி. அப்பா வருஷா வருஷம் மழைக்கு முன்னால் முதல் பாதியை மரத்திடம் நிறைவேற்றுவார். இரண்டாவது பாதியை என் சின்ன வயசிலேயே முடித்துவிட்டார். நானோ, 'இவ்வளவு நல்லா காய்க்குதே, எதுக்கு வெட்டணும்?' என்று விட்டுவிட்டேன். முருங்கை உறுதியில்லாத மரம். மழையில் இலை நனைந்து கனம் ஏறினால், காற்று வந்து லேசாகத் தொட்டாலே போதும்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு அவ்வா. பிறந்த வீடு நகரி பக்கம் ஒரு கிராமம். ம.பொ.சி.யெல்லாம் போராடி, 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. ஊர் முழுசாக வந்துவிட்டது. அவ்வாவின் பேச்சு மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மன்னிப்புக் கேட்க நான் தயாராக நிற்க, அவ்வா மதில் வழியாக எட்டிப் பார்த்தார். உடைந்த ஷீட்டை ஒரு பார்வை. என் கையிலிருந்த பக்கெட்டை ஒரு பார்வை. பதறிப்போய்க் கத்தினார்:

"நீள்ளு போயொத்து நாயனா! தண்ணி ஊத்தாதே! அதுக்கு மூச்சு முட்டுது!"

செடிக்கு மூச்சா? ஆமாம் சார். மண்ணுக்குள்ளே சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கின்றன. அதில் இருக்கிற காற்றை வைத்துத்தான் வேர் சுவாசிக்கிறது. நாள் கணக்கில் தண்ணீர் தேங்கினால் அந்த இடமெல்லாம் நிரம்பிவிடும். வேர் திணறி அழுக ஆரம்பிக்கும். அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்கு நடுவிலேயே நின்றுகொண்டு, தாகத்தில் வாடுகிற மாதிரியே இலை வாடும். பார்க்கிறவன் 'பாவம், தாகம்' என்று இன்னும் இரண்டு பக்கெட் ஊற்றுவான். என்னை மாதிரி.

வெயில் காலத்தில் தண்ணீர் நிற்கவேண்டுமே என்று அப்பா மரத்தைச் சுற்றி ஆழமாகப் பாத்தி கட்டியிருந்தார். சித்திரையில் மரத்தைக் காப்பாற்றிய அதே பாத்தி, கார்த்திகையில் அதை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் பாத்தியின் ஒரு பக்கத்தை வெட்டிவிட வேண்டும். அப்பாவுக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்டால்தானே!

மண்வெட்டியை எடுத்து வேகமாக வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பின்கட்டு வாசலில் இருந்து ஒரு குரல்:

"டேய்... தண்ணி மேட்டுல ஏறாதுடா!"

அம்மா. மழைத் தண்ணீர் போகிற பக்கத்துக்கு நேர் எதிராக நான் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அம்மா, ஈரம்... சளி பிடிக்கும். உள்ள போம்மா" என்றேன், வழக்கம்போல.

அம்மா நின்றாள். நாலு மாசமாகச் சேர்த்து வைத்திருந்தது வெளியே வந்தது.

"உள்ள போ, உட்காரு, படுத்துக்கோ... வேற ஒண்ணும் தெரியாதா உனக்கு? அவர்தானேடா போனார்? நான் இன்னும் இருக்கேனே! இந்தக் கறிவேப்பிலையை வச்சதே நான்தான். அவர் தண்ணி மட்டும்தான் ஊத்தினார். குடு அதை!"

மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். நான் பேசாமல் நின்றேன். வாடின மரத்துக்குத் தண்ணீர், வாடின அம்மாவுக்கு ஓய்வு என்று நானாக ஒரு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு பேரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரை மணியில் வாய்க்கால் தயார். தண்ணீர் சலசலவென்று வெளியே ஓடியது. அவ்வா மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து மேஸ்திரி மாதிரி உத்தரவு போட்டார். "ஈர மண்ணை மிதிக்காதே! இறுகிப் போயிடும். பலகை போட்டு நில்லு!" நின்றேன். சட்டை நனைந்து, கை விறைத்து, காலெல்லாம் சேறு. அம்மா அன்றைக்கு இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அம்மா முதலாளி, நான் வேலையாள். மழைக்காலத்து வேலைப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் புரிந்தது.

டப்பா, தொட்டிகளின் அடியில் இரண்டு செங்கல் துண்டு வைத்துத் தூக்கி, அடைத்த துளையைக் குச்சியால் குத்திவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் கொட்டாங்கச்சி, தட்டு, உடைந்த பானையில் நிற்கிற தண்ணீரைக் கவிழ்க்க வேண்டும். டெங்கு கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர்தான் பிரசவ ஆஸ்பத்திரி. வாழைக்குச் சவுக்குக் கொம்பு முட்டுக் கொடுக்க வேண்டும். பொழுது குறுகினால்தான் பூக்கிற ரகம் எங்கள் அவரை. பூத்த கையோடு அசுவினியும் வந்துவிடும். விடிகாலையில் பனி ஈரம் இருக்கும்போதே சாம்பல் தூவ வேண்டும். கேஸ் அடுப்புக்காரனுக்குச் சாம்பல் ஏது? அவ்வாவின் வெந்நீர் அடுப்பு உதவியது.

அப்புறம் நத்தை. ராத்திரி ரயிலிலிருந்து வந்ததும் செல்போன் டார்ச்சோடு நத்தை வேட்டை. உப்பு போட்டால் மண் கெடும், கையால்தான் பொறுக்க வேண்டும். கொல்வதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. எனவே பக்கெட்டில் போட்டுத் தெருக்கோடி காலி மனையில் விட்டுவிட்டு வருவேன். மூன்றாம் நாள் அதே முகங்கள் திரும்பி வந்திருப்பதாகத் தோன்றும். அதுகளும் சீஸன் டிக்கெட் எடுத்திருக்குமோ என்னவோ!

மார்கழி பிறந்தது. துக்க வீடு என்பதால் எங்கள் வாசலில் அந்த வருஷம் கோலம் கிடையாது. அவ்வா தன் கோலத்துக்குப் பூசணிப்பூ கேட்டார். இருப்பதிலேயே அழகான பூவாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடியில குட்டிப் பிஞ்சு இருக்கு பாரு, அது பெண் பூ. அதைப் பறிச்சா காய் எங்கேர்ந்து வரும்? ஒல்லிக் காம்பா நிக்குது பாரு, ஆண் பூ, அதைப் பறிக்கணும்." கல்யாண வயசில் இருப்பவனுக்கு எவ்வளவு முக்கியமான பாடம் பாருங்கள்!

குண்டுமல்லியை நவம்பர் கடைசியிலேயே கவாத்து செய்திருக்க வேண்டும். தாமதமானாலும், மழை இல்லாத ஒரு நாள் பார்த்து, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினோம். மொட்டைக் குச்சிகளைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. "பங்குனியில பாரு" என்றாள் அம்மா. பார்த்தேன். பூ கொட்டியது.

கறிவேப்பிலை மட்டும் பிழைக்கவில்லை. வாய்க்கால் லேட். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தால் பச்சையே இல்லை. டிசம்பர் 31-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் அம்மாவும் நானும் அதைத் தோண்டி எடுத்தோம். அன்றைக்கு மலையில் திருப்படித் திருவிழா. 365 படிக்கும் திருப்புகழ் பாடி, படி பூஜை செய்துகொண்டே ஏறுவார்கள். அப்பா போனதிலிருந்து ஒரு வருஷம் நாங்கள் மலை ஏறக்கூடாது. மழைக்குப் பிறகு வந்த ஈரக் காற்றில் மைக் செட் பாட்டு கொல்லைப்புறம் வரைக்கும் வந்தது. அம்மா மண் கையோடு கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். நான் 'உள்ள போம்மா' என்று சொல்லவில்லை.

மதிலுக்கு மேலே அவ்வா தலை தெரிந்தது. "எப்பவோ நீ குடுத்த கன்னுதானே என்கிட்ட இருக்கு? அதும் பக்கத்துல ரெண்டு குட்டி முளைச்சிருக்கு. தை பொறக்கட்டும், மழை நிக்கட்டும், எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டோம். இப்போது அது என் இடுப்பு உயரம். பாத்ரூம் ஷீட் மாற்றிய செலவு என்னுடையது. அது ஷீட்டுக்கு மட்டுமல்ல, ட்யூஷன் ஃபீஸும் சேர்த்துத்தான் என்பது அவ்வாவின் கணக்கு.

ஐப்பசி பிறந்தால் நான் முதலில் செய்வது பாத்தியை வெட்டிவிடுவது. எந்தச் செடி வாடியிருந்தாலும் பக்கெட்டைத் தூக்குவதில்லை. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்க்கிறேன். விரலில் மண் ஒட்டினால், தண்ணீர் வேண்டாம் என்று அர்த்தம்.

மனுஷங்களுக்கு விரல் விட்டுப் பார்க்க முடியாது. "என்னம்மா வேணும்?" என்று கேட்டுவிடுகிறேன்.

"நாலு செங்கல் வேணும்டா, தொட்டி நனையுது" என்கிறாள்.