முறுகிய இறக்கை

பிறர் குற்றத்தைத் திருத்துவதில் உபாத்தியாயர்களாகிய நமக்குள்ள உற்சாகம் உலகப் பிரசித்தம். அந்த உற்சாகம் சென்ற மாதம் நம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்கிறோம்.

நாம் வசிப்பது விழுப்புரம். பாடம் சொல்வது திண்டிவனம். நம் மாணாக்கன் ஒருவன் பால்சா மரச் சட்டங்களின்மேல் மெல்லிய காகிதம் ஒட்டி, 3 அடி இறக்கையுள்ள சிறு விமானம் ஒன்று செய்திருந்தான். எஞ்சின் கிடையாது, கையால் எறிந்தால் காற்றில் மிதந்து செல்லும். தன் வீட்டில் இடமில்லை என்று அதை ஒரு வாரம் நம்மிடம் ஒப்படைத்திருந்தான்.

குறித்த நாளில் பள்ளி மைதானத்தில் அதை எறிந்தான். விமானம் இடப்பக்கம் சாய்ந்து, சுழன்று, தரையில் மூக்கை இடித்துக்கொண்டது.

"பசை காய்வதற்குள் பலகையிலிருந்து எடுத்திருப்பாய். அவசரக்காரன் வேலை இப்படித்தான்!" என்று 40 பிள்ளைகள் முன்னிலையில் தீர்ப்புக் கூறினோம். பையன் வாய் திறக்கவில்லை.

சரிசெய்து தருவதாகச் சொல்லி, மாலை ரயிலில் எடுத்து வந்தோம். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஸ்டேஷன்கள் கழிந்தன. மடியிலிருந்த இறக்கையைக் கண்மட்டத்தில் உயர்த்திப் பின்புறமிருந்து நோக்கினோம். இடப்புற நுனியில் பின்விளிம்பு மேல்நோக்கி முறுகியிருந்தது. அப்படியிருந்தால் அந்தப் பக்கத்தில் காற்றின் தூக்குவிசை குறையும். விமானம் அப்பக்கமே சாயும்.

வீட்டில் இதை விஸ்தாரமாக விளக்கினோம். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு வாரம் மேற்கு ஜன்னலடியில் வெயிலில் போட்டு வைத்தீர்களே, அப்பளம்கூட முறுக்கிக்கொள்ளுமே!" என்றாள்.

பையன் கொண்டுவந்த அன்று அந்த இறக்கை மேஜைமேல் ஒழுங்காகப் படிந்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொந்தக் கையால் பொருள் செய்யும் பிள்ளைகளே தேசத்திற்கு வேண்டும் என்று வகுப்பில் முழங்கியவர்களும் நாமே.

கெட்டிலில் நீர் கொதித்தது. இறக்கையைக் கழற்றி, ஆவியில் சற்றுத் தள்ளிக் காட்டினோம். காகிதமும் மரமும் இளகியதும், விளிம்பை எதிர்ப்பக்கமாக, வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கிப் பிடித்தோம். கையை விட்டதும் சிறிது திரும்பிவிடும் அல்லவா? ஆறும்வரை அசையலாகாது, பலவந்தம் செய்தால் சட்டம் முறியும். மூன்று தடவை இப்படிச் செய்தபின் நேராயிற்று. பிறகு தட்டையான பலகையில் கிடத்தி, விளிம்புகளின்மேல் புஸ்தகங்களைப் பாரமாக வைத்தோம்.

1903 டிசம்பர் 17-ஆம் தேதி 12 விநாடியில் 120 அடி பறந்து காட்டிய ரைட் சகோதரர்கள், இறக்கைகளைக் கம்பியால் இழுத்து வேண்டுமென்றே முறுக்கித்தான் விமானத்தின் சாய்வைச் சமாளித்தார்கள். வேண்டும்போது முறுக்கவும் நிமிர்த்தவும் அவர்களுக்குத் தெரியும். நாம் முறுக்கியதோ தெரியாமல், பழியோ பையன்மேல்.

மறுநாள் அதே 40 பேரையும் மைதானத்திற்கு அழைத்தோம். "இவன் வேலையில் பழுதில்லை. வெயிலில் வைத்துக் கெடுத்தது நான்" என்றோம். இதைச் சொல்லி முடிக்க, கெட்டில் கொதிப்பதற்கு ஆனதைவிட அதிக நேரம் பிடித்தது.

பையன் தலை குனிந்து, "பறக்கவிட்டுப் பார்க்கலாம், சார்" என்றான்.

விமானம் நேராக மிதந்து சென்று, மதிலோரத்து வேப்பமரத்தடியில் மெல்ல இறங்கியது. பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். பையன் ஓடிப்போய் எடுத்து வந்தான்.

ஆனால் அன்று மாலை அதை நம்மிடம் ஒப்படைக்கவில்லை. எப்படியோ தன் வீட்டிலேயே அதற்கு இடம் கண்டுபிடித்துவிட்டான். அதுவும் நியாயந்தானே!